அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை

நியேரி,
ஜூன் 1955

அன்புள்ள கதோகோவுக்கு,

முகுரே எழுதுகிறேன். இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பகலெல்லாம் ஊரைச் சுற்றி அகழி வெட்டுகிறோம். நம்மை அடைத்துவைக்கும் குழியை நாமே வெட்ட வேண்டுமாம். பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தான். விடிந்தால் விறகு லாரி உங்களை அடைத்துவைத்திருக்கும் முகாமுக்குக் கிளம்பிவிடும். அந்த ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

ஆம், நமக்கு ஆண் குழந்தை. மருத்துவச்சி ஐந்து முறை குலவையிட்டாள். அதற்குள் காவல்படைக்காரன், என்ன சத்தம் என்று கதவை உதைத்தான். பிறப்பதற்கும் வெள்ளைக்காரத் துரையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்போல. பிள்ளை மெலிந்திருக்கிறான், விடாமல் இருமுகிறான். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சீட்டு வேண்டும். அதை உங்கள் அப்பாவால்தான் வாங்கித் தர முடியும்.

நம் வழக்கப்படி மூத்த மகனுக்கு உங்கள் அப்பா முரீதியின் பெயர்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. "முரீதியே வந்து பிறந்துட்டாரு" என்று அத்தை கொஞ்சுகிறார். ஞாயிறன்று ஞானஸ்நானம் என்று மாமா முடிவே செய்துவிட்டார். எனக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை.

அன்று சந்தைத் திடலில் உங்களை வரிசையில் நிறுத்தினார்களே. காட்டிலிருக்கும் போராளிகளுக்கு உதவியவர்களைத் தலையாட்டிக் காட்டிக்கொடுக்க, கண்ணுக்கு மட்டும் துளைவிட்ட சாக்கை மாட்டி ஒருவனை நடத்தி வந்தார்களே. உங்கள் முன்னால் அந்தத் தலை ஆடியது. எல்லாரும் தலையைப் பார்த்தார்கள், நான் காலைப் பார்த்தேன். மருமகளாக வந்த நாள்முதல் வெந்நீர் ஊற்றிக் கழுவிய கால். மண்பூச்சி தின்று இரண்டு விரல் போன இடது கால். எனக்குத் தெரியாதா?

அத்தைக்குத் தெரியாது. காட்டிக்கொடுத்தவன் நாசமாய்ப் போக என்று தினமும் சபிக்கிறார். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்.

நேற்று எனக்கு ஆட்டுச்சாறு கொண்டுவந்தார். "என்னய்யா முரீதி, என்னை மாதிரியே வழுக்கையா வந்திருக்கீரு" என்று பிள்ளையைக் கேலி செய்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"உங்க பேரையே வைக்கிறேன் மாமா. அந்தச் சாக்கை மாட்டிக்கிட்டு வந்து பேரனைப் பாருங்க."

கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, "உன் புருஷன் பேரு ஏற்கனவே துரை பட்டியல்ல இருந்துச்சும்மா. நீயே காட்டினா அவனுக்கு முகாமோட போகும், மறைச்சா ஆத்தங்கரையில வச்சு அவனைச் சுடுவேன்னான். என் மகன் இன்னைக்கு உசிரோட இருக்கான்ல?" என்றார்.

நம்பச் சொல்கிறீர்களா? அவர் வீட்டுக்குத் தகரக் கூரை வந்திருக்கிறது. சட்டைப்பையில் சீட்டு இருக்கிறது. நாங்கள் மண் சுமக்கிறோம். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அதைவிட எரிவது, அந்தச் சாக்கில் துளைபோட்ட துரையை நினைத்தால்தான். அப்பனைக் கொண்டு மகனைப் பிடிக்கக் கற்றவன், ஞாயிறன்று கோயிலில் முன்வரிசையில் முழங்காலிட்டு ஜெபிப்பான். அவன் முன்னால் என் பிள்ளைக்குப் பெயர் சூட்ட வேண்டும்.

அந்தத் துளைகளுக்கு நேரே நின்றவர் நீங்கள் ஒருவர்தான். தலை ஆடுவதற்கு முன் அந்தக் கண்கள் எப்படி இருந்தன? அதை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் பெயரைக் கூப்பிடுகிறேன். அதுவரை அவன் எனக்கு வெறும் மகன்தான்.

அங்கே அடிக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். எதை ஒப்புக்கொண்டாவது உயிரோடு இருங்கள். இதை எழுதிவிட்டு மாமாவை நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை லாரி திரும்பும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
முகுரே