முன்வாசல் வழியாகத்தான் வந்தோம், அத்தை

என் கோபக்கார பிலோமினா அத்தைக்கு,

நீங்கள் போய் இன்றோடு முப்பத்தோரு நாள். நேற்று நான் செய்த காரியத்தைப் பற்றி மேலப்புதூரே பேசுகிறது. உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். ஆனாலும் நானே சொன்னால்தான் எனக்கு ஆறும்.

நம் வீடு விற்பனைக்கு வந்துவிட்டது. "ரிப்பேர் முடிஞ்சதும் திரும்பி வந்துடலாம்" என்று சொல்லித்தானே அண்ணன் உங்களைத் தில்லைநகர் ஃபிளாட்டில் கொண்டுபோய் வைத்தான்? அந்தப் பொய் இப்போது பாலிஷ் போட்டுப் பளபளவென்று நிற்கிறது. 'நூற்றாண்டு மாளிகை, மொட்டைமாடியில் நின்றால் மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கம் கோபுரமும் தெரியும்' என்று விளம்பரம். கூடத்தில் இருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தைக் கழற்றிவிட்டு, நட்டநடுவில் பித்தளைச் சங்கிலி போட்ட ஊஞ்சலை மாட்டியிருக்கிறார்கள். பழைய வீடு என்றால் ஊஞ்சல் இருக்க வேண்டுமாம்! நம் வீட்டில் யார் ஊஞ்சல் ஆடினார்கள்? நீங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க ஊருக்கெல்லாம் ஹலோ சொல்லிவிட்டு வந்து, அந்தத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து எங்களைத் திட்டினீர்கள். கூரை ஒழுகாமல் இருந்ததும் உங்கள் சம்பளத்தில்தான்.

ஆஸ்பத்திரியில் உங்கள் மூச்சு நின்றதும் நான் கேட்டது ஒன்றுதான்: வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நம் ஆட்களில் யார் இறந்தாலும் கூடத்தில் கிடத்தி, தெருவே கூடி ஜெபமாலை சொல்லி, முன்வாசல் வழியாகத்தானே மாதா கோயிலுக்குத் தூக்குவோம்?

"வேண்டாம் ரீட்டா" என்றான் அண்ணன். "பார்ட்டிங்க வீட்டைப் பார்க்க வர்ற நேரம். சாவு விழுந்த வீடுன்னு தெரிஞ்சா விலையே பேச மாட்டாங்கன்னு புரோக்கர் சொல்றாரு. நேரா கோயிலுக்கே போயிடலாம்."

நேராகவே போனோம். நம் தெரு வழியாகக்கூட வண்டி வரவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு அதே வண்டியில்தான் உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன். என்னை மன்னிக்க வேண்டாம், அத்தை. நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

நேற்று உங்கள் முப்பதாம் நாள் பூசை. முடிந்ததும் கோயில் வாசலில் நின்று எல்லாரையும் கூப்பிட்டேன். "அத்தைக்கு ஜெபமாலை நம்ம வீட்டுக் கூடத்துல. வாங்க."

"பூட்டியிருக்குமே?" என்றார் உங்கள் சிநேகிதி ஸ்டெல்லா.

"சாவி இருக்கு. நானும் வாரிசுதான்."

முன்வாசல் கதவை அகலத் திறந்து, உங்கள் படத்தை நான்தான் சுமந்து போனேன். ஊஞ்சலை ஓரமாக இழுத்துக் கட்டினோம். தரை நிறைய ஆட்கள், அத்தை. மெழுகுதிரி அந்தப் பளபளப்புத் தரையில் சொட்டியது. சொட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாதி ஜெபத்தில் அண்ணன் வந்தான். கூடவே புரோக்கரும், வீடு பார்க்க வந்த சென்னைத் தம்பதியும். அவர்கள் வருவது தெரிந்துதான் நான் அந்த நேரத்தைப் பிடித்தேன். உங்களிடம் மறைப்பானேன்?

"பக்கத்து வீட்டுக்காரங்க மேடம், ஏதோ ஃபங்ஷன்" என்று புரோக்கர் இளித்தார்.

நான் எழுந்தேன். "ஃபங்ஷன் இல்லைங்க. இந்த வீட்டுக்காரங்க இறந்து முப்பது நாள் ஆகுது. உக்காருங்க, முடிச்சிட்டுப் பேசுவோம்."

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். இருவரும் வாசலோடு திரும்பிவிட்டார்கள்.

"கைக்கு வந்ததைக் கெடுத்துட்டியேடி!" என்று அண்ணன் கத்தினான். "அத்தை இனிமே வந்து இங்க வாழவா போறாங்க?"

"வாழத்தான் விடலை. வந்து படுத்துட்டுப் போகவாவது விட்டிருக்கலாம்ல?"

நாங்கள் விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தோம். தூணோரம் நின்ற அவன் உதடும் அசைந்தது. ஜெபித்தானா, என்னைத் திட்டினானா, தெரியவில்லை.

வீட்டை விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருப்பவளுக்கு மாளிகை எதற்கு? ஆனால் பத்திரத்தில் என் கையெழுத்தும் வேண்டுமே. வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் நானே சொல்வேன்: இது பிலோமினா அத்தை காப்பாற்றிய வீடு, செத்த பிறகு அவரை உள்ளே விடாத வீடு. கேட்டு முகம் சுளிப்பவர் எத்தனை கோடி கொண்டுவந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு உங்கள் படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நிற்கிறவர் எவரோ, அவர் வரட்டும். அன்றைக்குப் போடுகிறேன். அதுவரை மாதா மாதம் அந்தக் கூடத்தில் உங்களுக்கு ஜெபமாலை நடக்கும். இது என் வாக்கு.

உங்கள் அண்ணன் மகள்,
ரீட்டா