பின்படலை ஒழுங்கை

புரட்டாதி, திங்கள்

காலையில் தூறல். பின்படலைப் பிணைச்சலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன். இனிக் கிறீச்சிடாது. வெளியே ஒழுங்கையில் ரசீக், கையில் அளவு நாடா. கிண்ணியா ஆள். பக்கத்துப் பழைய வீட்டை வாங்கி மூன்று வருடம். எப்போதும் சிரித்த முகம், அதுதான் எனக்குப் பிடிக்காதது.

"டீச்சர், இந்த ஒழுங்கைக்கு என்ன பேர்?"

"பேர் ஒண்டும் இல்லை."

நகரசபை பெயர்ப்பலகை போடப் போகிறதாம். இவனுக்கு என்ன அக்கறை? துறைமுகத் தண்ணீருக்கும் எங்கள் பின்மதில்களுக்கும் நடுவே போகிற மண்பாதை. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலுக்குத் தண்ணீர் சுமந்த பாதை என்பார் அப்பா. நிலக்கரி என்பார் முன்வீட்டார். யுத்த காலத்தில் முள்ளுக்கம்பி. திறந்த அன்று அழுதுகொண்டே நடந்தேன். இன்னொரு தரம் அடைக்க விடமாட்டேன்.

செவ்வாய்

வெயில். மீன்கார மல்லிகாவிடமும் கேட்டானாம். தையல்கடையிலும். பின்னேரம், ஒழுங்கை முடிவில் காணி வாங்கிய ஹோட்டல்காரரோடு கை நீட்டிக் கதைத்துக்கொண்டு நின்றான். விளங்கிவிட்டது. தன் வாப்பாவின் பெயரை வைத்து, பிறகு பாதையை அவர்களுக்கு விற்கிற யோசனை.

புதன்

வாங்க: பால்மா, மெழுகுதிரி, தைலம். போகிற வழியில் வீடு வீடாகச் சொன்னேன், சபை ஆள் வந்தால் பேர் இல்லை என்று சொல்லுங்கோ. பேர் இல்லாவிட்டால் பலகையும் இல்லை, அவன் வாப்பாவும் இல்லை. பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். "ஓம் டீச்சர்." மல்லிகா மட்டும் தலையைச் சொறிந்தாள்.

"பேர் இல்லையெண்டோ, டீச்சர்?"

"ஓம். இல்லை."

வெள்ளி

சபை ஆள் வந்து போனார். எல்லா வாயிலும் ஒரே பதில், வாய்ப்பாடு மாதிரி. ரசீக் ஏதோ சொல்ல வாயெடுத்தான், என்னைக் கண்டு அடங்கினான். நல்லாய் வேணும். பாயசம் வைத்தேன். அவனுக்கு அனுப்பவில்லை.

ஐப்பசி, செவ்வாய்

மழை. ஹோட்டல்காரர் ஒழுங்கை நெடுகக் கொங்கிறீட் தூண் நட்டுவிட்டார்கள். சபைக்கு ஓடினேன். பேர் சொல்லி ஆட்கள் புழங்காத பாதை பொதுப்பாதை இல்லையாம். பேர் இல்லை என்று வீட்டுக்காரரே சொன்னார்களாம்.

ரசீக்கிடம் போனேன். கதிரை போட்டான். நான் இருக்கவில்லை.

"அடைக்கப் போறாங்க எண்டு தெரிஞ்சுதான் டீச்சர் பேர் கேட்டுத் திரிஞ்சன். அவங்களோட சண்டையும் அதுக்குத்தான்."

"என்ன பேர் வைக்கப் பாத்தனீங்கள்?"

"நான் எங்க வைக்கிற? ஆக்கள் சொல்ற பேர்தான். டீச்சர் ஒழுங்கை. உங்களுக்கு முன்னால மட்டும் சொல்ல மாட்டாங்க."

மல்லிகா மீன்கூடையோடு பெரிய ரோட்டால் சுற்றிப் போகிறாள். அவள் முகத்தைப் பார்க்க வெட்கம்.

பின்படலையைத் திறந்தேன். கிறீச்சிடவில்லை. முன்னால் கம்பி.