பஸ்ஸில் விழுந்த அடி

மோந்தெரூவோ, கீழ்வாசல்
18 ஆகஸ்ட் 1968

அன்புள்ள எர்சிலியாவுக்கு,

என்னம்மா, சௌக்கியமா? தூக்கம் வருகிறதா? உன் அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நானும் கோழிகளும் இருக்கிறோம். செங்கோழி மட்டும் முட்டையிடாமல் முறைத்துக்கொண்டு திரிகிறது. உன் நீலக் கோப்பை மாட்டின இடத்திலேயே இருக்கிறது, நான் தொடவில்லை.

திருவிழா முடிந்து ஒரு வாரம் ஆயிற்று. வருஷா வருஷம் அந்த நாட்களுக்கு நீ பிறந்த பேட்டைக்குப் போவாய், நான் என் பேட்டையில் இருப்பேன். சதுக்கத்தில் மேல்வாசலும் கீழ்வாசலும் முஷ்டியால் குத்திக்கொண்டு முடித்த மறுநாளே பெட்டியோடு இறங்கி வந்துவிடுவாய். நம் தெருவுக்கு வாழ்க்கைப்பட்ட மேல்வாசல்காரிகள் எல்லோரும் திரும்பியாயிற்று. வாய்க்காரி ஜெம்மாகூட வந்து, புருஷனின் கிழிந்த காதுக்கு ஒத்தடம் கொடுக்கிறாள். என் தாடைக்கு நானேதான் கொடுத்துக்கொள்கிறேன்.

உன் தம்பி விஷயமாகத்தான் வரவில்லை என்று தெரியும். நடந்ததைக் கேள். திருவிழாவுக்கு மறுநாள் நான் ஓட்டின பஸ் நிறைய, சியெனாவிலிருந்து வந்து நம் ஊர்க் கோட்டையும் கோபுரமும் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிப் போகிற ஜனம். தொப்பி போட்ட ஒரு ஜெர்மன்காரி, வாங்கின பாலாடைக்கட்டியை என்ஜின் மூடிமேல் வைத்துவிட்டாள். அது உருகி ஓடின நாற்றம் இருக்கிறதே, அதைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும். அது கிடக்கட்டும். மேல்வாசலில் உன் தம்பி துலியோ உங்கள் பேட்டை மஞ்சள் துண்டோடு ஏறினான். என் சட்டைக்குள்ளிருந்து எங்கள் பேட்டைச் சிவப்புத் துண்டு எட்டிப்பார்த்ததாம்.

"என்ன மச்சான், கழுத்துல சுளுக்கா?" என்றான்.

"உட்காருடா. இந்த வருஷம் வாங்கினது பத்தலையா?"

"வாங்கினதா? உங்க பேட்டை குத்தி ஜெயிக்கல, மிதிச்சு ஜெயிச்சுது. உன்னை எங்க அக்கா கட்டிக்கிட்டா பாரு, அன்னைக்கே எங்க வீடு தோத்துடுச்சு."

ஒரு அடிதான் அடித்தேன், எர்சிலியா. நீயே சொல், எவன் பொறுப்பான்? கம்பெனிக்காரன் என்னை வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டான். கண்டக்டர் ரெனாத்தோதான் நம் இருவருக்கும் தபால்காரன். பதிலை அவனிடம் கொடுத்தனுப்பு.

உன்
நெல்லோ


மேல்வாசல்
20 ஆகஸ்ட்

நெல்லோவுக்கு,

நான் நலம். அப்பாவும் நலம். கோழிக்கு முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போடு.

ஒரு அடியா? முதல் அடியில் மூக்கு உடைந்தது. இரண்டாவதில் பல் இரண்டு போயிற்று. அவன் இறங்கப் படியில் கால் வைத்தபோது, கம்பியைப் பிடித்திருந்த வலது கை மேல் கதவை அறைந்து சாத்தினாய். எலும்பு சடக்கென்ற சத்தம் பின்சீட்டு வரைக்கும் கேட்டது என்று ரெனாத்தோ சொன்னான். அந்த ஜெர்மன்காரியின் வரைபடமெல்லாம் என் தம்பியின் ரத்தம். அதை விடு, அந்த ஜனம் கை தட்டினார்களாமே! திருவிழா வேடிக்கை என்று நினைத்து, நாளைக்கு எத்தனை மணிக்கு என்று ஒருவன் கேட்டானாம். எனக்கு நெஞ்சு எரிகிறது.

நீ சதுக்கத்தில் அவன் கண்ணைப் பிடுங்கியிருந்தால்கூட மறுநாள் இறங்கி வந்திருப்பேன். அது திருவிழா. பஸ் யார் பேட்டையும் இல்லை. உன் அப்பாவும் என் அப்பாவும் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டு, ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு சியெனா டாக்டரிடம் போன பஸ் அது. அதனால்தான் டிரைவர் துண்டு கட்டக் கூடாது. நீ கட்டினாய்.

என்ன செய்ய வேண்டும் என்று உனக்கே தெரியும். பஸ்ஸில் கை நீட்டினவன் தன் வீட்டு வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அடிபட்டவன் கையால் மூன்று அடி வாங்க வேண்டும். அடித்தவரை உள்ளே அழைத்து ரொட்டியும் ஒயினும் வைக்க வேண்டும். அதோடு கணக்குத் தீரும். அதுவரை நான் இறங்க மாட்டேன்.

எர்சிலியா


கீழ்வாசல்
23 ஆகஸ்ட்

அன்புள்ள எர்சிலியாவுக்கு,

முட்டை ஓடு போட்டேன். செங்கோழி மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. உன்னைப் போலவே பிடிவாதம்.

நிற்க வேண்டுமாம்! தெருவே ஜன்னலில் தொங்கும். ஜெம்மா நாற்காலி போட்டுக்கொண்டு உட்காருவாள். என் தாத்தா காலத்தில் ஒரு வண்டிக்காரன் இப்படித்தான் நின்றான். அவன் பேர் மறந்துவிட்டது, நல்ல குரல், கோயிலில் பாடுவான். மூன்றாவது அடியில் காது போயிற்று. அப்புறம் பாட்டும் போயிற்று. அவன் கழுதைகூட அவன் பாட்டுக்குத்தான் நடக்குமாம்.

சரி, நிற்கிறேன் என்றே வைத்துக்கொள். யார் அடிப்பது? துலியோவின் வலது கை மாவுக்கட்டில். உன் அப்பாவுக்குக் கரண்டியைத் தூக்கினாலே கை நடுங்குகிறது. உங்கள் வீட்டில் வேறு ஆள் ஏது? கோபத்தை விட்டுவிட்டு வந்து சேர். மனிதன் தனியாகச் சாப்பிடுகிற சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. போதாததற்கு உப்புப் போட வேறு மறந்துவிடுகிறேன்.

உன்
நெல்லோ


மேல்வாசல்
24 ஆகஸ்ட்

நெல்லோவுக்கு,

துலியோ பாலைக்கூடக் குழாய் வைத்து உறிஞ்சுகிறான். நேற்று உன் பெயரைச் சொன்னதும் அழுதான். வலியில் இல்லை. சின்ன வயதில் அவனை மடியில் வைத்து ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நீதானாம்.

அடிபட்டவனால் முடியாவிட்டால் அவன் ரத்தத்தில் பிறந்த யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். மறந்துவிட்டாயா? எங்கள் வீடு கல் உடைக்கிற வீடு. எல்லோருக்கும் கனத்த கை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஆள் வரும். நின்றால் நில். வாசல் காலியாக இருந்தால், மிச்சமிருக்கும் என் துணிகளை ரெனாத்தோவிடம் கொடுத்துவிடு.

எர்சிலியா


கீழ்வாசல்
ஞாயிறு காலை

அன்புள்ள எர்சிலியாவுக்கு,

நிற்கிறேன். உன் துணிப்பெட்டியைத் திறந்து பார்த்தேன், மூடிவிட்டேன். மூடின கையோடு முடிவும் செய்துவிட்டேன். துலியோ அழுதான் என்று எழுதியிருக்க வேண்டாம் நீ. அவன் அன்று ஸ்டியரிங்கைப் பிடித்தபோது இரண்டு கையும் சேர்ந்து பாதி வட்டத்துக்குத்தான் எட்டின. அதில் ஒன்றைத்தான் நசுக்கியிருக்கிறேன்.

சவரம் செய்துகொண்டேன். அடி விழுகிற முகம் சுத்தமாக இருக்கட்டும். சிவப்புத் துண்டைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மேஜையில் ரொட்டி, ஒயின், கொஞ்சம் பன்றித்தொடைக் கறி. யார் வரப்போகிறார்கள் என்று தெரியாததால் மெத்தென்ற ரொட்டியாக வாங்கினேன். துலியோவே இடது கையோடு வந்தால் பல் இல்லாமல் கடிக்க வேண்டுமே. உன் சித்தப்பா மகன் அந்தக் கசாப்புக்காரன் வந்தால் பாட்டு என்ன, பேச்சே போய்விடும். அவன் ஒருமுறை குத்தி ஒரு காளையே உட்கார்ந்துவிட்டது. காளை இல்லை, கன்று. கன்றும் ஏற்கெனவே நோயில் கிடந்ததுதான் என்று ஜெம்மா சொல்லுவாள். ஆமாம், ஜெம்மா நாற்காலி போட்டுவிட்டாள். எதிர்வீட்டு ஜன்னலில் மூன்று தலைகள்.

பஸ் வளைவில் ஹார்ன் அடிக்கிறது. புது டிரைவர் கியரை எப்படி அரைக்கிறான் பார். இதோ நின்றது. ஊர் பார்க்கிற கூட்டம் சலசலவென்று இறங்குகிறது, பாவம், கோபுரத்துக்கு முன்னால் இதைத்தான் பார்க்கப்போகிறார்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு யாரோ வருகிற செருப்புச் சத்தம். ஜெம்மாகூட நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"நெல்லோ! வெளியில வா! கையைப் பின்னால கட்டு!"

எர்சிலியா, இது துலியோவின் குரல் இல்லை, கசாப்புக்காரன் குரலும் இல்லை. எப்பேர்ப்பட்ட முட்டாள் நான், ஆண்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். இதோ வருகிறேன், எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் அடி, முடிந்ததும் உள்ளே வந்து உட்கார வேண்டும், அதுதான் வழக்கம், உன் நீலக் கோப்பையைக் கழுவி