எடை போடாத பிள்ளை

இன்று மூன்றாம் பிரிவேளை முடிந்து ஆசிரியைகளின் கழிவறைக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சர் கைகழுவும் தொட்டியின் முன்னால் திரும்பி நின்றிருந்தாள். பிரசவ விடுப்பு முடிந்து வந்து நான்கு நாள். பிள்ளை வீட்டில். கட்டிக்கொண்ட பாலைப் பீய்ச்சித் தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டுக் குழாயைத் திறந்தாள். பால் வெள்ளையாகச் சுழன்று ஓட்டைக்குள் போனது. வாசனை போகவில்லை.

“வீணாத்தான் போகுது. என்ன செய்ய டீச்சர்” என்றாள்.

வகுப்புக்குப் போனேன். பலகையில் பாதி வாக்கியம் எழுதிவிட்டு நின்றேன். மீதி என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள். தலைவலி என்று அனுமதி வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். ராஜபாளையம் வண்டி இரண்டு போய்விட்டது. ஏறவில்லை. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, பையில் இருந்த கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் உனக்கு எழுதுகிறேன்.

நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பட்டாளத்திலிருந்து உன் வீட்டுக்காரர் போடும் இன்லண்டு கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். கூச்சமாக இருக்கும் வரிகளைத் தாண்டிவிடுவேன். “யக்கா, நடுவுல எதையோ முழுங்கிட்டிய” என்று பிடித்துவிடுவாய். இதில் எதையும் முழுங்கக்கூடாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். செட்டியார்பட்டி வீடு. அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். தம்பிக்கு நீ. மதுரையில் எம்.ஏ. முடித்துவிட்டு வந்தேன். நீ சுந்தரபாண்டியத்தில் மூன்றாம் வகுப்போடு நின்று வயலில் இறங்கியவள். ஒரே ஆவணியில், பன்னிரண்டு நாள் இடைவெளியில் பெற்றோம். எனக்குக் கோதை. உனக்கு ரெங்கன்.

கோதைக்கு மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. வாய்க்குள் அண்ணமும். மாமியார் துணியை விலக்கிப் பார்த்தார்.

“கிரகணத்தன்னைக்கு வெளிய நின்னியாட்டி?”

அந்த மாதங்களில் கிரகணமே வரவில்லை என்றேன்.

“எம்.ஏ. படிச்சவளுக்கு எதுதான் நெனைப்பிருக்கும்” என்றார்.

உனக்கு அப்போது நிறைமாதம். வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்து பார்த்தாய். “கண்ணு உங்க கண்ணுக்கா” என்றாய். வேறு யாரும் அவள் கண்ணைப் பார்த்திருக்கவில்லை. நான் உட்பட.

பிளந்த வாய்க்கு உறிஞ்ச வராது. மார்பைக் கவ்வுவாள். இழுக்க முடியாமல் காற்றைக் குடிப்பாள். வயிறு உப்பி அழுவாள். உள்ளே போன கொஞ்சமும் மூக்கு வழியே வரும். பாலாடைச் சங்கில் ஊற்றச் சொன்னார்கள். நிமிர்த்திப் பிடித்து, கன்னத்தோரமாக, சொட்டுச் சொட்டாக. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஊற்றுவேன். அரை மணிக்கு மேல் போனால் குடிக்கிற களைப்பிலேயே குடித்தது செலவாகிவிடும் என்பது பின்னால் தெரிந்தது. குழந்தை உறிஞ்சாத மார்பைக் கையால் பீய்ச்சிப் பீய்ச்சித்தான் ஊற வைக்க வேண்டும் என்பதும் பின்னால்தான். நாற்பது நாளில் எனக்குப் பால் நின்றுவிட்டது. கெட்டிப் பால் மாந்தம் ஆகும் என்று மாமியார் பசும்பாலில் பாதிக்கு மேல் தண்ணீர் விட்டுத் தந்தார். அதையும் ஊற்றினேன்.

இரண்டு மாதம் ஆகியும் கோதை மூன்று கிலோவைத் தொடவில்லை. மதுரையில் டாக்டர் அவள் கையைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். தோல் மட்டும் வந்தது.

“அஞ்சு கிலோ வரட்டும். ரத்தமும் ஏறட்டும். உதட்டைத் தைச்சிடலாம். இந்த எடைக்கு மயக்க மருந்து கொடுத்தா பிள்ளை தாங்காதும்மா.”

ஐந்து கிலோ. திரும்பி வரும் வழியெல்லாம், பேருந்தில், அந்த எண்ணைத் தவிர என் தலையில் ஒன்றும் இல்லை.

ஒரு மத்தியானம் விறகு அறைக்குள் என்னைக் கூப்பிட்டாய்.

“யக்கா, ஒண்ணு சொன்னா ஏச மாட்டியளே?”

“சொல்லு.”

“இவன் ஒரு பக்கம் குடிக்கையில மறுபக்கம் சேலையெல்லாம் நனையுது. எம்புட்டுத்தான் துணி மாத்த? ஒரு தம்ளர் கொண்டாங்க.”

“அத்தைக்குத் தெரிஞ்சா?”

“ரேடியோவுல நாடகம் போட்டா அவியளுக்கு இடி விழுந்தாலும் கேக்காது. செத்த நேரம் வாசல்ல நில்லுங்க.”

நான் வாசலைப் பார்த்து நின்றேன். பின்னால் தம்ளரில் பால் விழும் சத்தம். முதலில் உலோகத்தில் மோதும் சத்தம். பிறகு பாலில் பால் விழும் சத்தம். அந்தச் சத்தம் மாறும் இடத்துக்காகக் காத்திருக்கப் பழகினேன்.

ஒரு வேளை, இரண்டு வேளை ஆனது. பிறகு நான்கு.

செவ்வாய்தோறும் துணைச் சுகாதார நிலையத்துக்குப் போவோம். நர்ஸம்மா கோதையைத் துணிப்பைக்குள் இறக்கித் தராசுக் கொக்கியில் தொங்கவிடுவாள். முள் நடுங்கி நிற்கும். மூன்று இருநூறு. மூன்று நானூறு. நான்கு.

“தாய்ப்பால்தானே?” நர்ஸம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள். “நல்லா ஏறுது. பால் கொடுக்கிறவ ரெண்டு ஆளு சாப்பாடு சாப்பிடணும். பருப்பு, முட்டை, கீரை, நெலக்கடலை. தெரியுதா?”

தலையாட்டினேன். வெளியே வந்ததும் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். “உங்களுக்கு முட்டையாம் யக்கா.” நானும் சிரித்தேன்.

அன்று மதியம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மிஞ்சியதில் பாதி உனக்கு, பாதி எனக்கு. எப்போதும்போல. என் பாதியில் ஒரு பிடியை உன் தட்டுக்கு மாற்றியிருக்கலாம். தோன்றவில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தோன்றியது. எனக்கும் பசித்தது.

நர்ஸம்மா உன்னிடமும் கேட்டாள். “உன் பிள்ளையையும் கொடு, தொங்கவிடுவோம்.”

ரெங்கனை இறுக்கிக்கொண்டாய். “வேண்டாம்மா. எடை போட்டா கண்ணு விழும். எங்க அத்தை ஏசுவாவ.”

“இந்தப் பிள்ளைக்கு விழாத கண்ணா?”

“இது ஏற்கெனவே விழுந்த பிள்ளைம்மா. இனிமே என்ன விழ?”

நர்ஸம்மாவே சிரித்துவிட்டாள். ஒவ்வொரு செவ்வாயும் கேட்பாள். ஒவ்வொரு செவ்வாயும் மறுப்பாய். கோதையின் எடை கிராம் கணக்கில் எனக்குத் தெரியும். ரெங்கனின் எடை யாருக்கும் தெரியாது.

உனக்கு எந்நேரமும் பசித்தது. பொரிகடலை டப்பாவில் கையை விட்டு மாமியாரிடம் அகப்பட்டுக்கொள்வாய்.

“வயித்துக்குள்ள பேய் கெடக்காட்டி உனக்கு?”

“ஒண்ணுதான் கெடக்குன்னு நெனைக்கியளா அத்தை?” என்பாய்.

மார்கழியில் ஒரு காலை. பிள்ளைகள் இருவரையும் நான் குளிப்பாட்டினேன். நீ துணி துவைத்துக்கொண்டிருந்தாய். கோதையைத் துடைத்துப் படுக்க வைத்துவிட்டு ரெங்கனைத் தூக்கினேன். கை எதிர்பார்த்ததைவிட வேகமாக மேலே வந்துவிட்டது. மறுபடி கீழே வைத்துத் தூக்கினேன். வாரா வாரம் தராசில் பார்த்துப் பார்த்து என் கைக்கு எடை பிடிபட்டிருந்தது. அவன் கோதை அளவுதான் இருந்தான். பிறந்தபோது அவளைவிட எவ்வளவோ கனமாக இருந்தவன். தொடையில் மடிப்பு இல்லை. அவன் அழவும் இல்லை. விரலைச் சூப்பிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

கோதைக்கு இன்னும் அறுநூறு கிராம் வேண்டும்.

உடுப்பு மாட்டி அவனை உன் மடியில் கொண்டுவந்து கொடுத்தேன். “நல்லா ஆட்டம் போட்டான்” என்றேன். அன்று மத்தியானம் தம்ளரை எடுத்துக்கொண்டு விறகு அறைக்கு வந்தேன். மறுநாளும் வந்தேன்.

பொங்கலுக்கு உன் வீட்டுக்காரர் லீவில் வந்தார். மகனை முதல்முதலாகப் பார்க்கிறார். தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னட்டி, பிள்ளையைக் கேட்டா பூனைக்குட்டியைக் காட்டுத?”

எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரித்தாய். நான் சிரித்தேன். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. “இவளுக்குத் தண்ணிப் பாலு. மந்திரிச்சுக்கூடப் பாத்தாச்சு” என்றார். உன் பாலைச் சபையில் வைத்துத் தண்ணீர் என்கிறார்கள். அதைக் குடித்துத்தான் என் மகள் தேறியிருந்தாள். ஒரு சொல் சொன்னால் போதும். உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. உன் வீட்டுக்காரரின் பூட்ஸை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாய்.

தை முடிவதற்குள் முள் ஐந்தைத் தாண்டியது.

மதுரையில் உதட்டைத் தைத்தார்கள். மயக்கம் தெளிந்து கோதை கண்ணைத் திறந்தாள். வாயின் இரண்டு பக்கமும் கறுப்பு நூலில் சேர்ந்திருந்தது. அழுதபோதும் சேர்ந்தே இருந்தது. பத்து நாள் கழித்து வந்தேன். வாசலிலேயே அவளை வாங்கிக்கொண்டாய். “வாயை மூடுதாளே யக்கா! மூடுதாளே!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாய்.

அதை என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் துவைகல் பக்கம் வந்து நின்றேன்.

“எனக்கு மார்கழியிலயே தெரியும்” என்றேன். “ரெங்கன் எளைச்சிருக்கான்னு. தெரிஞ்சேதான் தம்ளரை எடுத்துட்டு வந்தேன்.”

நீ சேலையை அலசிக்கொண்டிருந்தாய். நிறுத்தவில்லை.

“சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பேன்.”

“தெரியும். அதான் சொல்லலை.”

“பெத்தவ இல்லையா நான். சத்தியமா நிப்பாட்டியிருப்பேன்க்கா.”

சேலையை இன்னொரு தரம் தண்ணீரில் முக்கி எடுத்தாய். பிறகு நீயே சொன்னாய்.

“கண்ணு விழும்னு நர்ஸம்மாகிட்ட சொன்னது பூராம் புளுகு. அத்தையும் ஒண்ணும் சொல்லலை. எம்புட்டுன்னு தெரிஞ்சுட்டா நிப்பாட்டணுமே. அதான் எடை போட விடலை.”

சேலையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாய். ஆளுக்கொரு பக்கம் நின்று முறுக்கினோம். நீ வேண்டுமென்றே பலமாக முறுக்கினாய். எனக்குக் கை நழுவியது. மறுபடி எடுத்துக் கையில் கொடுத்தாய்.

அடுத்த செவ்வாய் நீ எனக்கு முன்னால் நடந்தாய். “மொதல்ல இவனைப் போடுங்க” என்று ரெங்கனைத் துணிப்பைக்குள் இறக்கினாய். நர்ஸம்மா முள்ளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “எம்புட்டு?” என்றாய். அவள் சொன்னாள். சரியாகக் கேட்காததுபோல் இன்னொரு தரம் கேட்டாய். பிறகு கேழ்வரகுக் கூழ் எப்படிக் காய்ச்சுவது, பருப்பை எவ்வளவு மசிப்பது, ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாய்.

இரண்டு வாரம் என்னோடு நீ அதிகம் பேசவில்லை. கூழை மட்டும் ஒரே கிண்ணத்தில் காய்ச்சினாய். ரெங்கனுக்கு ஒரு வாய். கோதைக்கு ஒரு வாய், நிமிர்த்தி வைத்து, கெட்டியாக, மூக்கில் ஏறாதபடி. நானும் சாப்பாட்டு நேரத்தில் உனக்கு முதலில் போடத் தொடங்கியிருந்தேன். நீ அதைக் கவனித்தாய். நான் போட்டதையெல்லாம் சாப்பிட்டாய். மூன்றாம் வாரம், “உப்பு கொறச்சல்” என்றாய். அதிலிருந்து பேசினோம்.

ஒன்றரை வயதில் கோதைக்கு அண்ணத்தையும் மூடினார்கள். அதற்குள் ரெங்கன் அவளைத் தள்ளிவிட்டு ஓடுகிற அளவு தேறியிருந்தான். கோதை இப்போதும் மூக்கால்தான் பேசுகிறாள். எதிர்த்துப் பேசும்போது மட்டும் தெளிவாகப் புரிகிறது. இருவரும் இரண்டாம் வகுப்பு. வரிசையில் ரெங்கன்தான் முதலில் நிற்கிறான், குள்ளமாக. அது உன் உயரம், உன் அப்பாவின் உயரம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கலாம்.

போன ஐப்பசியில் உனக்கு மஞ்சள் காமாலை. பதினோரு நாள். கடைசி நாட்களில் எதை வைத்தாலும் குமட்டியது. கஞ்சியைக் கரண்டியால் ஊட்ட வந்தேன். “அரை மணிக்கு மேல ஊட்டாதிய யக்கா. களைச்சுப் போயிருவேன்” என்று சிரித்தாய். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது தூங்கிவிட்டிருந்தாய்; பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்தக் கஞ்சி ஆறிப்போனது.

கணக்கு டீச்சரிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என்ன சொல்வது என்று இவ்வளவு பக்கம் எழுதியும் தெரியவில்லை.

மூன்றாவது வண்டியில் ஏறி வந்துவிட்டேன். மீதியை வீட்டில் எழுதுகிறேன். ரெங்கன் எங்களோடுதான் இருக்கிறான். அவன் அப்பா இன்னும் எல்லையில். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருவரையும் உட்கார வைத்துச் சோறு போட்டேன். கோதைக்கு ஒரு தரம். அவனுக்கு இரண்டு தரம். மூன்றாம் தரம் கரண்டியைக் கொண்டுபோனபோது தட்டின் மேல் இரண்டு கையையும் விரித்துக் கவிழ்ந்துகொண்டான்.

“போதும் பெரியம்மா. நெசமாவே வயிறு நெறஞ்சிருச்சு.”

அவன் பொய் சொல்லவில்லை. பார்த்தாலே தெரிந்தது. அவன் கையை எடுப்பானா என்று கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.