யாரும் விழித்துவிடாமல்

மார்ச் 3, செவ்வாய்

ராத்திரி ஷிப்டு முடிந்து காலை ஏழரைக்கு வீடு. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரண்டு இயந்திரம் நின்றுபோனதால் ஈர விரிப்புகளைக் கையால் பிழிந்தோம். தோள்பட்டை விட்டுப்போயிற்று. படுத்தேன், தூக்கம் வரவில்லை. அவர் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம். பகலில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நான் தூங்கியும் ஐந்து மாதம். வீடு அவ்வளவு அமைதி.

வெள்ளிக்கிழமை அவர்கள் பாட்டுக் குழுவின் ஆல்பம் வருகிறது. பதினொரு வருஷம் கழித்து. டிரம் முழுக்க அவர் வாசித்தது.

மார்ச் 6, வெள்ளி

வந்துவிட்டது. மகள் போனில் போட்டாள். டிரம் ஆரம்பிக்கும் முன்பே நிறுத்தச் சொன்னேன். என்னால் முடியாது. மற்றவர்கள் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

மார்ச் 9, திங்கள்

விமர்சனம் வர ஆரம்பித்துவிட்டது. நான் எட்டாவதோடு நின்றவள், போனில் இருக்கும் பொடி எழுத்தும் கண்ணுக்குப் பிடிபடாது, மகள்தான் படித்துக்காட்டினாள். பாட்டுக்குப் பாராட்டு, கிட்டாருக்குப் பாராட்டு. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

"மூணு நல்ல மார்க்குதானே? கணக்குல நான் அதுகூட வாங்கினதில்ல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மீதியைப் படிக்காமல் போனை மடியில் கவிழ்த்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா."

ஒன்றுமில்லை என்றால் எதற்குக் கவிழ்க்கிறாள்?

மார்ச் 10, செவ்வாய்

அவள் குளிக்கப் போனபோது எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்துவிட்டேன்.

"டிரம் அடங்கிக் கிடக்கிறது. தூங்கும் யாரையோ எழுப்பிவிடக் கூடாதென்று வாசித்ததுபோல் இருக்கிறது. அரங்கத்தை அதிரவைத்த கைகளா இவை?"

எழுதியவனுக்கு எப்படித் தெரிந்தது?

தூங்கியது நான்தான்.

மார்ச் 11, புதன்

போன வருஷம் ஆறு மாதம் அவர் வீட்டில்தான் டிரம் வாசித்துப் பழகினார். மருந்து ஏற்றி ஏற்றி நைந்த உடம்பு, படியிறங்கவே ஆள் வேண்டும். எனக்குப் பகலில்தான் தூக்கம். இருப்பது ஒரே அறை, நடுவில் அலமாரிதான் சுவர். ஒரு நாள் கத்திவிட்டேன். "ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்கேன், கொஞ்சம் கண்ண மூட விடமாட்டீங்களா? அந்தச் சனியனத் தூக்கி வெளிய போடுங்க."

சீக்காளியைப் பார்த்துப் பேசுகிற பேச்சா அது?

மறுநாள் டிரம் மேல் பச்சைப் போர்வை கிடந்தது. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்டதை நான்தான் கொண்டுவந்திருந்தேன். அதன்மேலேயே வாசித்தார். பக்கத்து வீட்டில் யாரோ நடப்பதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். நானும் அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன்.

கை அதற்கே பழகிவிட்டிருக்கிறது. பிறகு ஸ்டூடியோவுக்குப் போனதும் அந்தக் கைதானே. என் ஒருத்தி தூக்கத்துக்காக அந்த மனுஷனோட கடைசி வேலையக் கெடுத்துட்டேன் —

போதும்.

மார்ச் 12, வியாழன்

அந்தப் போர்வையைத் தேடினேன். அலமாரி, கட்டிலடி, பரண். எங்கேயும் இல்லை.

மார்ச் 14, சனி

நெட்டை வந்தான். குழுவில் பாடுகிறவன். எங்கள் வாசலில் குனிந்துதான் நுழைவான். ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். அப்போதே தெரிந்தது, ஏதோ சொல்ல வந்திருக்கிறான்.

"அண்ணி, எல்லாரும் டிரம்மத்தான் குத்திக்காட்றாங்க. வேற ஆள வச்சு அத மட்டும் திருப்பி வாசிச்சு, புதுசா விடலாம்னு கம்பெனி சொல்லுது. அண்ணனுக்குப் பதிலா நீங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்."

"அவர் வாசிச்சது?"

"எடுத்துருவாங்க."

"நீ என்ன தம்பி சொல்றே?"

"நான் என்னத்தச் சொல்ல. இத்தன வருஷம் கழிச்சு வந்திருக்கோம். இதுல விழுந்தா அப்புறம் யார் கூப்பிடுவா?"

தாளை மேசையில் வைத்துவிட்டு, அடுத்த சனி வருவதாகச் சொல்லிப் போனான்.

மார்ச் 17, செவ்வாய்

கூட விரிப்பு மடிக்கிற அக்காவிடம் சொன்னேன். "போட்டுக் குடுத்துரு. இருக்கறவங்க பொழைக்க வேணாமா?" என்றாள். மகளோ, "அப்பாவ நீயே அழிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு, போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

போர்வைக் கதை இரண்டு பேருக்கும் தெரியாது.

மார்ச் 20, வெள்ளி

கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்னால் கெட்டது. வேறு யாராவது நன்றாக வாசிக்கட்டும். அவர் பேரைச் சொல்லி இனி யாரும் சிரிக்காமல் இருந்தால் சரி.

மார்ச் 21, சனி

நெட்டை ஒரு பையோடு வந்தான். ஸ்டூடியோவில் கிடந்த அவர் சாமான்களாம். இரண்டு ஜோடிக் குச்சி, மாத்திரை டப்பா. அடியில் பச்சைப் போர்வை.

"இது எப்படி அங்க வந்துது?"

அவன் வாயைத் திறக்கும் முன் நானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் கத்தியது, அவர் விரித்தது, என்னால்தான் டிரம் செத்துப்போனது, எல்லாம்.

"அண்ணி, அந்த ஸ்டூடியோ ரூம்ல குண்டு போட்டாலும் வெளிய கேக்காது. அங்க யார் தூங்கறாங்க? அண்ணனாத்தான் இத வீட்லேர்ந்து கொண்டுவந்தார். நான் ரெண்டு தடவ உருவிப் போட்டேன். ரெண்டு தடவையும் எடுத்து விரிச்சார்."

"என்ன சொன்னார்?"

"'இருபது வருஷமா அடிச்சேன்டா. இந்த ஆறு மாசந்தான் வாசிச்சிருக்கேன். இத எடுத்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்'னார்."

போர்வையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இத ஏன் போன வாரமே சொல்லல?"

"பயந்தான் அண்ணி. விமர்சனத்தப் படிச்சதும் அண்ணன் சொன்னது தப்போன்னு தோணிப்போச்சு."

மேசையிலிருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தேன்.

"கம்பெனிக்காரன் என்னத் தின்னுருவான் அண்ணி."

"தின்னட்டும். உன்கிட்ட எலும்பத் தவிர என்ன இருக்கு?"

சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். போகும்போது குனிய மறந்து, வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டான்.

மார்ச் 24, செவ்வாய்

புதிதாக ஒரு விமர்சனம். இரண்டே நட்சத்திரம். மகள் படிக்கட்டுமா என்றாள். "நீயே வச்சுக்கோ" என்றேன்.

மார்ச் 27, வெள்ளி

ஷிப்டு முடிந்து வீடு. வெயில் வராமல் ஜன்னலில் பச்சைப் போர்வையைக் கட்டினேன். மகள் பழைய போனில் ஆல்பத்தை ஏற்றி வைத்திருந்தாள். முதலிலிருந்து போட்டுவிட்டுப் படுத்தேன்.

மூன்றாவது பாட்டுவரை நினைவிருக்கிறது. எழுந்தபோது சாயங்காலம் மணி நாலு.