அம்மாவின் காலில் தடுக்கிய வயர்

வியாழன், இரவு.

இன்று காலை அம்மாவின் கால் என் மேசை வயரில் தடுக்கியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. ஆனால் ரவுட்டர் அணைந்து, நான் கம்பனிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. ஹெட்செட்டோடு திரும்பிப் பார்த்தேன்.

"மன்னிச்சிருங்க" என்றாள் அம்மா. பெற்ற மகளிடம்.

நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து போன மாதம்தான் அவளைப் பதுளைக்குக் கூட்டி வந்தேன். என் வேலையும் அவள் கட்டிலும் ஒரே அறையில்தான்.

மத்தியானம் எல்லா வயரையும் கழற்றிப்போட்டேன். பாதி எதற்கென்றே தெரியவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து, பொறுமையாகச் சிக்கெடுத்துத் தந்தாள். நான் சுவரோரமாகக் கிளிப் அடித்தேன். அடித்துக்கொண்டே கேட்டேன்.

"ஏம்மா, எங்கிட்டப் போயி மன்னிச்சிருங்கன்னு சொன்னீங்க?"

"நீ இங்கிலீசுல பேசிக்கிட்டு இருந்தியா, சட்டுன்னு தோட்டத்து ஆபீசுல தொரை முன்னால நிக்கிற மாதிரி ஆயிருச்சு. வாயில அப்படித்தான் வந்துச்சு."

"நான் ஒங்க மகதானேம்மா."

"தெரியும்டி. பொறவு எனக்கே வெக்கமாப் போச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் திரும்பிப் பார்த்தபோது என் முகம் எப்படி இருந்ததோ. அதைக் கேட்கத் தைரியம் இல்லை.

இப்போது கட்டிலிலிருந்து கதவு வரை தரையில் ஒன்றுமே இல்லை. சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவள், அப்படியும் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தாள்.