குடுமி பிய்த்த தேங்காய்

அக்கா,

இன்று அறிவியல் வகுப்பில் டீச்சர் ஒரு தேங்காயை உடைத்தார். பருப்பின் கொழுப்பு உடம்புக்கு வலு, தண்ணீரில் தாது உப்புகள், நாரில் கயிறு, கொட்டாங்குச்சியில் கரி என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். எல்லாரும் துண்டு கேட்டுக் கை நீட்டினார்கள். நான் அந்த வாசனை பட்டதும் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

புதுவாயல் கூட்டு ரோட்டில் உன் தேங்காய்க் கடையில், பள்ளி விட்டதும் மூட்டைமேல் உட்கார்ந்து படிப்பேன். ஒரு துண்டு கீறி, வெல்லத்தோடு கொடுப்பாய். "தின்னுடீ, படிச்சுப் படிச்சுக் காஞ்சிபோன மூளைக்கு எண்ணெ வுடணும்" என்பாய்.

தேங்காயின் மூன்று கண்களில் ஒன்றுதான் மெத்தென்றிருக்கும், முளை அதன் வழியாகத்தான் வரும் என்று பாடத்தில் வந்தது. உண்மையா என்று பார்க்க ஆசை. நீ யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு காயின் குடுமியைப் பிய்த்து, காம்பஸ் முனையால் குத்தினேன். மூன்றாவது கண்ணில் முனை வழுக்கிக்கொண்டு இறங்கியது. பாடம் சரிதான்! குடுமியைத் திரும்ப வைத்து அமுக்கிக் குவியலில் போட்டுவிட்டேன். குடுமி போனால் காய் அழுகும் என்று நீ தினமும் சொல்வாய். புத்தகத்தில் இல்லாததால் நான் காதில் வாங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒருவர் மாலை போட்ட புது லாரியை நிறுத்தினார். அன்றுதான் முதல் லோடு.

"நல்லதா குடும்மே. அழுகலா இருந்தா உன் மண்டையத்தான் ஒடைப்பேன்" என்று சிரித்தார்.

"ஒடை நைனா, உள்ள பூ இருந்தா எடுத்துக்கோ" என்று நீயும் சிரித்தாய். காயைக் குலுக்கினாய். தண்ணீர் ஆடியது. கொடுத்தாய்.

சக்கரத்தின் முன்னால் உடைத்ததும் நாற்றம் ரோடு முழுக்கப் பிடித்தது.

"புது வண்டிக்குப் பொணத்தையாடி குடுத்தே? பொண்டாட்டி தாலிய வித்து வாங்கினதுடீ!"

நீ குனிந்து மூடியை எடுத்தாய். கண்ணில் இருந்த துளையைப் பார்த்தாய். என்னை ஒருமுறை பார்த்தாய். துளையைக் கைக்குள் மறைத்துக்கொண்டாய்.

"நான்தான் பாக்காம குடுத்துட்டேன்."

அவர் அறைந்தார். நீ சட்டையைப் பிடித்து அவர் கையைக் கடித்தாய். அவர் ஜாக்கி கம்பியை எடுத்தார். உன் தலையில் விழுந்த சத்தம் தேங்காய் உடைகிற சத்தமேதான். பக்கத்துக் கடைக்காரர்கள் நம் குவியலிலிருந்தே காய்களை எடுத்து அவர் முகத்தில் அடித்தார்கள். பல் தெறித்தது. லாரிக் கண்ணாடி நொறுங்கியது. யாரோ மாலைக்குத் தீ வைத்தார்கள். நான் மூட்டையைவிட்டு இறங்கவேயில்லை.

மூன்றாம் நாள் பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

"காய் பாக்கத் தெரியாம உயிர வுட்டுட்டா" என்று அப்பா எல்லாரிடமும் சொல்கிறார். ஊரும் அதையே சொல்கிறது. நேற்று அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். துடைப்பம் பிய்ந்துபோகும்வரை அடித்தாள். பிறகு என் வாயைப் பொத்தி, "உங்கப்பன் காதுல வுழுந்தா உன்ன வெட்டிடுவான். ஒருத்தி போனது போதும்" என்று அழுதாள்.

நீ காப்பாற்றினாய், இப்போது அம்மா. ஆனால் தேங்காய் பார்க்கத் தெரியாதவள் என்ற பேர் உன்மேலேயே கிடக்கிறது. உன்னைவிட நன்றாகக் காய் பார்த்தவர்கள் அந்த ரோட்டில் யார்?

வாசலில் அப்பா சைக்கிளை நிறுத்துகிறார். அம்மா அடுப்படியில் இருக்கிறாள். நான் எழுந்து அவரிடம் போகிறேன், அக்கா.